மருந்தை நிறுத்தும் காலம்



மருந்தை நடுவில் நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லியே எங்களைப் போன்ற தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கு நா வறண்டு போயிருக்கிறது. "இப்போதுதான் தலைசுற்றல் இல்லையே" என்று இரத்த அழுத்த மாத்திரையைக் கைவிடுகிறவர் உண்டு. காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டியவர், இருமல் நின்றதும் இரண்டாம் மாதத்திலேயே மருந்தை மூலையில் போட்டுவிடுவதும் உண்டு. பெற்றோர் கூட்டம் கூடும்போதெல்லாம் இதைக் கண்டித்துப் பேசுகிற நாம், இன்று ஒரு மருந்தைக் குறித்து, "இதை எப்போது நிறுத்தலாம்?" என்று கேட்க வந்திருக்கிறோம். வியப்பாக இருக்கலாம். ஆனால் இந்த ஒரு மருந்தைப் பொறுத்தவரை, அந்தக் கேள்வியை உலகத்துப் பெரிய மருத்துவர்களே தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முற்றிய தோல் புற்றுநோய்க்குத் தரப்படும் நோய் எதிர்ப்பாற்றல் சிகிச்சையைப் பற்றித்தான் சொல்கிறோம். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். ஆயினும் மருத்துவமனையிலிருந்து வருகிற மலாய்க் கடிதமும் ஆங்கிலக் கடிதமும் தோட்டங்களில் முதலில் ஆசிரியரின் கைக்குத்தான் வருகின்றன. "இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்க சார்" என்று நீட்டுகிறார்கள். அந்தக் கடிதங்களில் பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் என்று வாயில் நுழையாத பெயர்கள் இப்போது தென்படத் தொடங்கிவிட்டன. ஒரு தடவை ஊசிக்குப் பல ஆயிரம் வெள்ளி என்றும் அதனுடன் சேர்ந்து வருகிறது. "இது எத்தனை நாளைக்கு?" என்பதே குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான்.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். நம் தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்களில் தோன்றும் புற்றுநோய்க்கு மெலனோமா என்று பெயர். தோல் புற்றுநோய்களில் பலவகை உண்டு. அவற்றுள் விரைவாக உடலுக்குள் பரவி உயிரைக் குடிப்பது இதுவே. "வெள்ளைக்காரர்களுக்கு வெயிலில் வருவதுதானே, நமக்கேது?" என்று கேட்பார்கள். வெண்ணிறத் தோலினருக்கு இது மிகுதி என்பது உண்மை. ஆனால் கறுத்த, மாநிறத் தோலினருக்கு வரும்போது, இது பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி. ஆசிய மக்களிடம் காணப்படும் மெலனோமாவில் பெரும்பகுதி இந்த இடங்களில் தோன்றுவதாகும். இதற்கு வெயில் காரணமன்று. உலகப் புகழ் பெற்ற ஜமேக்கப் பாடகர் பாப் மார்லிக்கு வந்தது இந்த வகைதான். 1977இல் கால் பெருவிரல் நகத்தின் கீழே கண்டுபிடிக்கப்பட்டது; 1981 மே மாதம், 36ஆம் வயதில் அவர் மறைந்தார்.

நம் மக்களிடையே இது தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஒரு காரணத்தைச் சொல்ல வேண்டும். உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி வந்தால் யார் பார்க்கிறார்கள்? பார்த்தாலும், முள் குத்தியது என்றோ, கல் இடறி இரத்தம் கட்டியது என்றோ எண்ணிவிடுகிறோம். அது புண்ணாகிவிட்டால், இனிப்பு நீர் உள்ளவராயின், "சர்க்கரைப் புண்" என்று மாதக்கணக்கில் கட்டுப் போட்டுக்கொண்டிருப்போம். நகத்தில் புதிதாக ஒரு கறுப்புக் கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே போனாலும், உள்ளங்காலில் ஒரு கறை ஒழுங்கற்ற ஓரத்துடன் வளர்ந்தாலும், மூன்று மாதமாக ஆறாத புண் இருந்தாலும், மருத்துவரிடம் காட்டி, அதிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சோதிக்கலாமா என்று கேட்பது நல்லது. தொடக்கத்திலேயே கண்டால் அறுவை மட்டுமே போதும். நாம் இன்று பேசும் மருந்தே தேவைப்படாது.

நோய் நிணநீர் முடிச்சுகளையும் தாண்டி நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ மூளைக்கோ போய்விட்டால்தான் "முற்றிய நிலை" என்கிறார்கள். 2011ஆம் ஆண்டுக்கு முன்பு இந்த நிலையை அடைந்தவர்களில் பெரும்பாலோர் ஓராண்டைக் கடக்கவில்லை. வேறு புற்றுநோய்களுக்குப் பயன்பட்ட நச்சு மருந்துகள் இதனிடம் தோற்றன. அந்த நிலையை மாற்றியதுதான் எதிர்ப்பாற்றல் சிகிச்சை.

இதன் வரலாறு சுவையானது. நியூயார்க் நகரில் வில்லியம் கோலி என்ற எலும்பு அறுவை மருத்துவர் இருந்தார். கடுமையான தோல் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்த ஒரு நோயாளிக்குப் புற்றுக் கட்டி தானாகவே கரைந்த செய்தி அவருக்குக் கிடைத்தது. 1891இல் அவர் நோயாளிகளின் கட்டிக்குள் கிருமிகளையே ஊசியால் செலுத்திப் பார்த்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது. சிலர் அந்தத் தொற்றினாலேயே இறந்தார்கள். உடம்பின் காவற்படையைத் தூண்டினால் புற்று அழியும் என்ற எண்ணம் சரியானதுதான். ஆனால் அந்தக் காவற்படை ஏன் பெரும்பாலும் வாளாவிருக்கிறது என்பது விளங்க மேலும் நூறு ஆண்டுகள் ஆயின.

தோட்டத்து வாயிலில் நிற்கும் காவலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைகிற ஒவ்வொருவரையும் அவர் தடுத்துச் சண்டை போட்டால் தோட்டம் நடக்காது. "இவர் நம் ஆள், விட்டுவிடு" என்று சொல்ல ஓர் அடையாளம் வேண்டும். நம் இரத்தத்தில் உள்ள டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்களும் இப்படிப்பட்ட காவலாளிகளே. அவை வரம்பு மீறி நம் உடம்பையே தாக்காமலிருக்க, இயற்கை அவற்றில் சில தடைகளை அமைத்திருக்கிறது. சைக்கிளுக்கு பிரேக் போல என்று சொன்னால் மாணவர்களுக்கு உடனே புரிகிறது. புற்றணு செய்கிற சூழ்ச்சி என்னவென்றால், தானே கையை நீட்டி அந்த பிரேக்கை அழுத்திவிடுகிறது. காவலாளி கண்ணெதிரே திருடனைக் கண்டும் அசையாமல் நிற்கிறார்.

அந்த பிரேக்குகளில் ஒன்றை ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோஞ்சோவின் குழுவினர் 1992இல் கண்டறிந்தார்கள். அதன் பெயர் பிடி-1. இன்னொன்றைத் தடுத்தால் எலிகளின் கட்டி கரைகிறது என்பதை அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசன் காட்டினார். இருவருக்கும் 2018இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அலிசனின் ஆய்விலிருந்து பிறந்த இபிலிமுமாப் 2011இலும், பிடி-1 பிரேக்கை விடுவிக்கும் பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் ஆகிய இரண்டும் 2014இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இம்மூன்றும் தொடக்கத்தில் கையில் குழாய் வைத்து இரத்தத்தில் ஏற்றப்பட்டவை. பெம்புரோலிசுமாப் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, அல்லது அளவை இரட்டித்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவை தரப்படுகிறது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். நச்சு மருந்தாக இருந்தால், அது புற்றணுவை நேரே கொல்கிறது. மருந்து நின்றால் கொலையும் நின்றுவிடும். இந்த மருந்து அப்படியன்று. இது புற்றணுவைத் தொடுவதே இல்லை. நம் அணுக்களின் பிரேக்கை மட்டுமே விடுவிக்கிறது. கொல்கிற வேலையைச் செய்வது நம்முடைய உடம்பு. அந்த உடம்புக்கு நினைவாற்றல் உண்டு. நம் நாட்டில் பிறந்த பெரும்பாலோர் தோளில் ஒரு சிறு வடு இருக்கும். பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசியின் அடையாளம் அது. அந்த ஊசியை நாம் ஆண்டுதோறும் போட்டுக்கொள்வதில்லை. ஒரு முறை பார்த்த பகைவனை அணுக்கள் நினைவில் வைத்துக்கொள்கின்றன. அப்படியானால், புற்றை அடையாளம் கண்டுகொண்ட காவலாளிக்கு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆயுள் முழுவதும் போய் நினைவூட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? இதுதான் பிரச்சினையின் வேர்.

இதற்கு முதல் சான்று, முதல் மருந்திலேயே இருந்தது. இபிலிமுமாப் நான்கு தடவை மட்டுமே தரப்படும். பன்னிரண்டு வாரத்தில் சிகிச்சை முடிந்துவிடும். அதைப் பெற்ற 1,800க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கை 2015இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மூன்றாம் ஆண்டில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் உயிரோடிருந்தார். அதில் வியப்பு என்னவென்றால், அந்தக் கோடு அதற்குப் பிறகு அவ்வளவாக இறங்கவே இல்லை. மூன்றாண்டைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் பத்தாண்டு வரையிலும் இருந்தார்கள். ஐவரில் நால்வரைக் காப்பாற்ற முடியவில்லை என்பது துயரந்தான். ஆனால் பிழைத்த அந்த ஒருவர் நான்கு ஊசியோடு பிழைத்தார் என்பதை மறக்கலாகாது.

அப்படியிருக்க, பின்னால் வந்த பிடி-1 மருந்துகளுக்கு மட்டும் காலக்கெடு ஏன் நீண்டது? ஆராய்ச்சியைத் திட்டமிட்டவர்கள் துணிந்து குறுக்கவில்லை. நோயாளிகளின் உயிரோடு விளையாடக் கூடாதல்லவா? ஒரு பெரிய ஆய்வில், "நோய் பெருகும் வரை, அல்லது தாங்க முடியாத பக்கவிளைவு வரும் வரை கொடு" என்று எழுதினார்கள். இன்னொன்றில், "அதிகம் போனால் இரண்டு ஆண்டு" என்று எழுதினார்கள். இந்த இரண்டு ஆண்டு என்னும் எண்ணை இயற்கை நமக்குச் சொல்லவில்லை. மனிதர் ஒரு வசதிக்காக வரைந்த எல்லைதான் அது. மூன்று வாரத்துக்கு ஒன்று என்று பார்த்தால் ஏறக்குறைய 35 தடவை வரும்.

அந்த எல்லை வரையப்பட்டதனால் ஒரு நன்மை விளைந்தது. கீநோட்-006 என்ற அந்த ஆய்வில் மொத்தம் 834 பேர் சேர்ந்தார்கள். பெம்புரோலிசுமாப் பெற்றவர்களில் 103 பேர் இரண்டாண்டை நிறைவு செய்து மருந்தை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு இன்னும் இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது, நூற்றுக்கு ஏறக்குறைய 78 பேருக்கு நோய் திரும்பவில்லை. அதிலும் ஒரு வேறுபாடு தெரிந்தது. கட்டி முழுதாக மறைந்தவர்களுக்கும், பெருமளவு சுருங்கியவர்களுக்கும் நிலைமை நன்றாக இருந்தது. நூற்றுக்கு எண்பதுக்கு மேல். கட்டி சுருங்காமல், வளராமலும் அப்படியே நின்றவர்களுக்கு அது நூற்றுக்கு நாற்பதாக இருந்தது. அந்த ஆய்வைப் பத்தாண்டு வரை தொடர்ந்து பார்த்து 2024இல் வெளியிட்டார்கள்: பெம்புரோலிசுமாப் பெற்றவர்களில் நூற்றுக்கு 34 பேர் உயிரோடிருந்தார்கள், இபிலிமுமாப் பெற்றவர்களில் நூற்றுக்கு 24 பேர்.

இரண்டாண்டுக்கு முன்பே நிறுத்தினால்? இதையும் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல மருத்துவமனைகளில், நோய் பெருகாமலும் கடுமையான பக்கவிளைவு இல்லாமலும், நோயாளியும் மருத்துவரும் கலந்து பேசி மருந்தை நிறுத்திய 185 பேரின் கணக்கு 2019இல் வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் ஓராண்டு வாக்கில் நிறுத்தியவர்கள். கட்டி முழுதும் மறைந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கே நோய் மீண்டது. ஓரளவு சுருங்கியவர்களில் அது நூற்றுக்கு 32. சுருங்காமல் நின்றவர்களில் பாதிப் பேர். முழுதும் மறைந்தவர்களுக்குள்ளேயும், ஆறு மாதத்துக்குக் குறைவாக மருந்து பெற்றவர்களுக்கு ஆபத்து சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. ஆகவே, "எத்தனை மாதம்?" என்ற கேள்வியைவிட, "கட்டி என்ன ஆயிற்று?" என்ற கேள்வியே முக்கியமானது என்று நமக்குத் தோன்றுகிறது. நாட்காட்டியைப் பார்த்து நிறுத்துவதைவிட ஸ்கேன் படத்தைப் பார்த்து நிறுத்துவது அறிவுடைமை.

அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் கதை பலருக்கும் நினைவிருக்கும். 2015 ஆகஸ்டில், தமது 90ஆம் வயதில், மெலனோமா கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவியிருப்பதாக அவரே அறிவித்தார். கல்லீரலில் அறுவை, மூளைக்குக் கதிர்வீச்சு, அதனுடன் பெம்புரோலிசுமாப். அவ்வாண்டு டிசம்பரில் புற்றின் அடையாளம் தெரியவில்லை என்றார்கள். 2016 மார்ச்சில், இனி மருந்து தேவையில்லை என்று நிறுத்திவிட்டதாகத் தாம் ஞாயிற்றுக்கிழமை பாடம் நடத்தும் தேவாலயத்தில் சொன்னார். ஓராண்டுகூட முழுதாக அவர் மருந்து பெறவில்லை. அதன் பின்னும் எட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, நூறு வயதைக் கண்டு, 2024 டிசம்பர் 29ஆம் நாள் காலமானார். ஒருவருடைய கதையை வைத்து ஊருக்கெல்லாம் விதி எழுதிவிட முடியாது. ஆனால் நிறுத்துவது என்றால் கைவிடுவது என்று பொருளன்று என்பதை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, எச்சரிக்கையாக இரண்டு செய்திகளையும் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, நுரையீரல் புற்றுநோயில் கிடைத்த பாடம். நிவோலுமாப் பெற்ற நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஓராண்டில் நிறுத்தி, மறு பிரிவுக்குத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டில் நிறுத்தியவர்களின் நிலைமை மோசமாக இருந்தது. இரண்டாண்டில் நிறுத்தியவர்களையும் அதற்கு மேலும் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்ட வேறொரு கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. எனவே பக்கத்து வீட்டுக்காரர் நுரையீரலுக்குப் பெறும் மருந்தும் நம் வீட்டில் தோல் புற்றுக்குப் பெறும் மருந்தும் ஒன்றாகவே இருந்தாலும், அவருடைய கணக்கு நமக்குப் பொருந்தாது. தோல் புற்றில் இப்படி நேருக்கு நேர் ஒப்பிடும் முயற்சியும் நடந்தது. பிரிட்டனில் டான்டே என்ற ஆய்வு அதற்கென்றே தொடங்கப்பட்டது. போதிய நோயாளிகள் சேராமல் அது முன்னதாகவே மூடப்பட்டது.

இரண்டாவது செய்தி நமக்கு இன்னும் நெருக்கமானது. இதுவரை நாம் சொன்ன எண்கள் பெரும்பாலும் வெள்ளையர்களிடமிருந்து, அதாவது வெயில் பட்ட தோலில் நோய் வந்தவர்களிடமிருந்து கிடைத்தவை. வெயிலால் வந்த புற்றில் மரபணுச் சேதம் மிகுதி. அதனால் அது காவலாளியின் கண்ணுக்கு எளிதில் தெரிகிறது. உள்ளங்காலில் வரும் வகையில் அந்தச் சேதம் குறைவு. வேடத்தை நன்றாகப் போட்டுக்கொண்ட திருடனைப் போன்றது அது. சீனாவில் ஏற்கனவே வேறு மருந்து பெற்றுப் பயனில்லாத 103 பேருக்கு பெம்புரோலிசுமாப் கொடுத்த ஆய்வில், நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேருக்கே கட்டி சுருங்கியது. மேல்நாட்டு ஆய்வுகளில் அது மூன்றில் ஒரு பங்காகவும் அதற்கு மேலாகவும் இருந்தது. ஆகவே நம் மக்களில் ஒருவருக்கு இந்நோய் வரும்போது, "இரண்டாண்டு என்று படித்தேன்" என்று சொல்வதற்கு முன்னால், "எனக்கு வந்திருப்பது எந்த வகை? அந்த வகைக்கு இந்த மருந்து எவ்வளவு பலன் தரும்?" என்று கேட்க வேண்டும். மருந்து வேலை செய்யவில்லை என்று தெரிந்தால், இரண்டாண்டு வரை இழுத்துக்கொண்டு போவதில் பொருளில்லை. ஆனால் முதல் ஸ்கேனில் கட்டி சற்றே பெரிதாகத் தெரிந்தவுடன் நிறுத்திவிடவும் கூடாது. சண்டைக்குப் புகுந்த வெள்ளணுக்களே கட்டிக்குள் நிறைந்து அதைப் பெரிதாகக் காட்டுவதும் சில நேரங்களில் உண்டு. சில வாரங்கள் கழித்து இன்னொரு படம் எடுத்துப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

சிலருக்கு இந்த முடிவை உடம்பே எடுத்துவிடுகிறது. பிரேக் விடுபட்ட காவலாளி நம் ஆட்களையும் அடிக்கத் தொடங்குவார். அது குடலில் நடந்தால் வயிற்றுப்போக்கு. கல்லீரலில் நடந்தால் மஞ்சள் காமாலை. நுரையீரலில் நடந்தால் மூச்சுத் திணறல். தைராய்டு சுரப்பி கெடலாம். திடீரென்று இனிப்பு நீர் வரலாம். அரிதாக இதயமும் தாக்கப்படும். இவற்றுக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுத்து, ஊசியை நிறுத்திவிடுவார்கள். இபிலிமுமாப், நிவோலுமாப் இரண்டையும் சேர்த்துப் பெறுகிறவர்களில் பலருக்கு இப்படி நிறுத்த நேர்கிறது. "ஐயோ, மருந்து நின்றுவிட்டதே" என்று வீட்டார் இடிந்துபோகிறார்கள். அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு: தொடக்கத்திலேயே பக்கவிளைவினால் நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது, வாழ்ந்த காலத்தில் வேறுபாடு தென்படவில்லை. காவலாளி அந்த அளவுக்கு விழித்துக்கொண்டுவிட்டார் போலும். தவிர, கடைசி ஊசி போட்ட பின்னும் அந்த மருந்து வெள்ளணுக்களின் மீது இரண்டு மாதத்துக்கு மேலும் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். மருந்து நின்ற நாளும் அதன் வேலை நின்ற நாளும் ஒன்றல்ல.

அடுத்து, நாம் தயங்கித் தயங்கிப் பேசும் பணத்துக்கு வருவோம். நம் பினாங்கில் புற்றுநோய்க்கு வசதிகள் குறைவில்லை. ரெசிடென்சி சாலையிலுள்ள பொது மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. தஞ்சோங் பூங்காவில் பிரான்சிஸ்கன் கன்னியர்கள் தொடங்கிய மவுண்ட் மிரியம் இருக்கிறது. சுமத்திராவிலிருந்து விமானம் ஏறி வந்து சிகிச்சை பெறுகிற தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. கெடாவிலிருந்தும் செபராங் பிறையிலிருந்தும் நம் மக்கள் பாலத்தைக் கடந்தோ பெர்ரியிலோ இங்கேதான் வருகிறார்கள். பொது மருத்துவமனையில் மருத்துவரைப் பார்க்கச் சில வெள்ளிதான். ஆனால் இந்த மருந்து எல்லா நோயாளிக்கும் அரசுச் செலவில் கிடைத்துவிடுவதில்லை. சேமநிதிப் பணத்தைக் கடுநோய்க்காக எடுக்கலாம், எடுக்கிறார்கள். நகை போகிறது. பிள்ளையின் மேற்படிப்புக்கு வைத்திருந்ததும் போகிறது. பால் வெட்டி, வீடு ஒன்றை வாங்கியவர், அதை விற்றுப் பதினைந்தாவது ஊசிக்குப் பணம் கட்டுவது சரியா? கட்டி முழுதாக மறைந்து பல மாதம் ஆன நிலையில் அப்படி விற்கிறார் என்றால், அந்த ஊசி அவசியந்தானா என்று மருத்துவரிடம் கேட்பது நன்றி கெட்ட செயலன்று. உயிருக்கு விலை பேசுவதும் அன்று. ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் நோயாளி. மகன்கள் கூடிப் பேசி, அப்பாவுக்குத் தெரியாமல் முடிவு செய்வது நம் வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. அது எங்களுக்கு உடன்பாடில்லை.

மருந்தின் அளவைக் குறைக்கலாமா என்றும் ஒரு வழியில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மும்பையிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையில் 151 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. அது வெற்றிலை, புகையிலை போடுவோருக்கு மிகுதியாக வருகிற வாய், தொண்டைப் புற்றுநோயைப் பற்றியது. வழக்கமாக 240 மில்லிகிராம் தரப்படும் நிவோலுமாபை, 20 மில்லிகிராம் மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, விலை குறைந்த மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். மாத்திரை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடிருந்தவர் நூற்றுக்கு 16 பேர். இந்தச் சிறிய அளவு மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 பேர். முழு அளவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. தோல் புற்றுக்கும் இது இன்னும் நிலைநாட்டப்படவில்லை. எனவே யாரும் தாமாகவே பாதி மருந்து போதும் என்று சொல்லிவிடக் கூடாது. ஆயினும், பணமில்லாதவர் நாடுகளில் கேட்கப்பட வேண்டிய கேள்வியை, நம்மைப் போன்ற மக்கள் வாழும் ஒரு நாட்டு மருத்துவர்களே கேட்டார்கள் என்பதில் நமக்குப் பெருமைதான். மருந்தைக் குறைவாக விற்பதற்கான ஆராய்ச்சியை மருந்து நிறுவனம் நடத்தும் என்று எதிர்பார்ப்பது, மரத்தில் குறைவாகப் பால் வெட்டும்படி மானேஜர் சொல்வார் என்று எதிர்பார்ப்பதைப் போன்றது!

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். அறுவை செய்து கட்டியை முழுதாக எடுத்த பிறகு, மீண்டும் வராமலிருக்க இதே மருந்தைத் தருவதுண்டு. அதற்குக் காலக்கெடு தெளிவானது: ஓராண்டு. உறவினர் ஒருவருக்கு ஓராண்டில் நிறுத்தினார்கள், இவருக்கு ஏன் நிறுத்தவில்லை என்று சண்டைக்குப் போகுமுன், இருவரும் ஒரே நிலையில் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

நிறுத்துவது என்று முடிவான பின் செய்ய வேண்டியவை சில உண்டு. ஸ்கேன் பரிசோதனை நிற்காது. முதலில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்றும், பிறகு இடைவெளி விட்டும் பல ஆண்டுகள் தொடரும். நோய் மீண்டால் அதே மருந்தை மறுபடியும் தொடங்கலாம். எல்லாருக்கும் அல்ல, சிலருக்கு அது மீண்டும் பலன் தருகிறது. பக்கவிளைவு, ஊசி நின்று பல மாதம் கழித்தும் தலைகாட்டலாம். ஆகவே மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, கடைசி ஊசி போட்ட தேதி, மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் வயிற்றுப்போக்கு என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போகும்போது, அங்குள்ள மருத்துவர் சாதாரண வயிற்றுப்போக்கு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடாமலிருக்க அந்தத் தாள் உதவும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவே கூடாது. எழுதத் தெரியாதவர்கள் அருகிலுள்ள பள்ளிக்கு வாருங்கள்; எழுதித் தருகிறோம்.